மரபணுவைச் சபிக்கும் முன் இன்சுலின் ஊசியைப் பாருங்கள்



சில வாரங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவில் பயான் கேட்டேன். பேசியவர் நான் மதிக்கும் ஆலிம்; குரல் வளமும் மார்க்கப் பற்றும் மிக்கவர். அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள் மரபணு மாற்றம். மரபணுவில் கைவைப்பது படைத்தவனோடு போட்டியிடுவதாகும், அது சைத்தான் ஏவிய செயல், அவ்வழியில் உருவான உணவும் மருந்தும் முஸ்லிமுக்கு ஆகாதவை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். முன் வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

தொழுகை முடிந்து படியிறங்கியபோது அந்த முதியவரிடம் ஸலாம் சொல்லி நலம் விசாரித்தேன். "நிக்க நேரமில்ல தம்பி. சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போட்டாகணும்" என்று சொல்லிவிட்டு விரைந்தார்.

அவர் போட்டுக்கொள்ளவிருந்த அந்த இன்சுலின், மனித மரபணு செலுத்தப்பட்ட நுண்ணுயிர்கள் உற்பத்தி செய்தது. இது அவருக்கும் தெரியாது. மிம்பரில் நின்று பேசிய ஹஜ்ரத்துக்கும் தெரியாது. தெரிந்த நானோ வாய்திறக்காமல் வீடு வந்து சேர்ந்தேன். அன்று சொல்லத் தயங்கியதை இன்று எழுதுகிறேன். மரபணு அறிவியலை ஒரே சொல்லில் ஹராம் என்று ஒதுக்குவது மார்க்கத்துக்கும் பொருந்தாது, நம் வாழ்க்கைக்கும் பொருந்தாது. அதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு: அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் கேட்காமலேயே இருந்துவிடுகிறோம்.

பன்றியின் கணையத்திலிருந்து கிடைத்த விடுதலை

1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டது. அதற்கு முன் நீரிழிவு கண்ட சிறுவர்களுக்கு மரணத்தைத் தவிர வேறு முடிவு இருக்கவில்லை. ஆயினும் அந்த மருந்தை எடுப்பதற்கு அறுவைக் கூடங்களில் சேகரிக்கப்பட்ட பன்றி, மாடு ஆகியவற்றின் கணையங்களே மூலப்பொருளாயின. அறுபது ஆண்டுகள் உலகம் இப்படித்தான் இன்சுலின் பெற்றது. நீரிழிவுள்ள முஸ்லிம்கள் பன்றியிலிருந்து எடுத்த மருந்தை உடலில் ஏற்றிக்கொள்ளும் மனவேதனையோடு வாழ்ந்தார்கள். 'ளரூரத்', அதாவது உயிர் காக்கும் நிர்ப்பந்தம், என்ற அடிப்படையில் மார்க்க அறிஞர்கள் அதற்கு அனுமதியளித்தார்கள்.

அந்த நிர்ப்பந்தத்தை அகற்றியது மரபணுப் பொறியியல். 1978இல் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்தினரும் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மைய விஞ்ஞானிகளும் இணைந்து, மனித இன்சுலினுக்குரிய மரபணுவை ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். அந்த நுண்ணுயிர் மனித இன்சுலினை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1982இல் அம்மருந்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இன்று மருந்துக்கடைகளில் நாம் வாங்கும் இன்சுலின் ஏறத்தாழ முழுவதும் பாக்டீரியா, ஈஸ்ட் ஆகியவற்றின் வழியே இம்முறையில் உண்டாக்கப்படுவதே.

உணவிலும் இதே கதைதான். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்வதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி காலங்காலமாகப் பயன்பட்டது. அந்தக் கன்று எப்படி அறுக்கப்பட்டது என்ற ஐயம் முஸ்லிம்களை விடவேயில்லை. 1990இல் அதே நொதியை நுண்ணுயிரில் உற்பத்தி செய்யும் முறைக்கு அமெரிக்கா அனுமதியளித்தது. பாலாடைக்கட்டியில் பெரும்பகுதி இப்போது அறுக்கப்பட்ட விலங்கைச் சாராமலேயே தயாராகிறது. பச்சிளங்குழந்தைகளுக்குப் போடப்படும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் மரபணு மாற்றப்பட்ட ஈஸ்டின் விளைபொருளே.

எனவே, 'மரபணு மாற்றம் ஹராம்' என்று பொதுத் தீர்ப்புக் கூறுபவர் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்த முதியவர் மீண்டும் பன்றியின் கணையத்துக்கே திரும்ப வேண்டுமா? ஹராமிலிருந்து நம்மை விலக்கிய ஒரு கருவியை ஹராம் என்று பெயரிடுவது எந்த வகை ஃபிக்ஹ்?

அந்த வசனம் எதைத் தடுக்கிறது?

இவ்விவாதத்தில் எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது சூரத்துன் நிஸாவின் 119ஆம் வசனம். இறைவனின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று சைத்தான் சூளுரைத்ததை அது எடுத்துரைக்கிறது. வசனத்தின் முற்பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். கால்நடைகளின் காதுகளை அறுத்து அவற்றைத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடும் அறியாமைக் கால வழக்கம் அங்கே கண்டிக்கப்படுகிறது. ஆரம்பகால விரிவுரையாளர்களில் ஒரு சாரார் 'படைப்பை மாற்றுதல்' என்பதற்கு அல்லாஹ்வின் மார்க்கத்தை மாற்றுதல் என்றே பொருள் கொண்டனர். உடலில் செய்யும் எந்த மாற்றமும் விலக்கப்பட்டது என்று அதற்குப் பொருள் கொண்டால், கத்னாவும் கண்புரை அறுவையும் உடைந்த எலும்புக்குள் பொருத்தும் தகடும் என்னவாகும்?

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை நினைவுகூர்வோம். மதீனாவாசிகள் பேரீச்சை மரங்களில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் கையால் சேர்ப்பதை அவர்கள் கண்டார்கள். அதனால் பயன் இருக்குமெனத் தாம் கருதவில்லை என்றார்கள். மக்கள் அதைக் கைவிட்டனர்; அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. செய்தி அறிந்ததும், உலகியல் தொழில்களில் நீங்களே நன்கறிந்தவர்கள் என்று அவர்கள் விளக்கமளித்ததை முஸ்லிம் நூல் பதிவு செய்துள்ளது. தாவரத்தின் இனப்பெருக்கத்தில் மனிதன் தலையிட்ட செயல் அது. அதைப் படைத்தவனோடு செய்த போட்டி என்று எவரும் சொல்லவில்லை.

இரண்டாவது சம்பவம் புகாரியில் உள்ளது. தன் மனைவி கருநிறக் குழந்தையைப் பெற்றிருப்பதைச் சொல்லிக் கிராமவாசி ஒருவர் முறையிட வந்தார். உம் ஒட்டகங்களின் நிறம் என்ன என்று நபியவர்கள் வினவினார்கள். சிவப்பு என்றார். அவற்றுள் சாம்பல் நிறத்தது உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது? முன்னோர் வழியின் ஏதோ ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்றார் அவர். உம் மகனையும் அவ்வாறே இழுத்திருக்கலாம் என்று கூறி அந்தத் தாயின் மானத்தைக் காத்தார்கள். பெற்றோரிடம் வெளிப்படாத ஒரு பண்பு தலைமுறை தாண்டி வெளிப்படும் என்ற உண்மையைக் கொண்டு நபியவர்கள் ஒரு குடும்பத்தைப் பிளவிலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். பரம்பரை பற்றிய அறிவு நமக்கு அந்நியமானதன்று.

நம் காலத்து அறிஞர்களும் இதில் மௌனமாக இருந்துவிடவில்லை. 1998இல் மக்காவில் கூடிய ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் கவுன்சில் மரபணுப் பொறியியலை ஆராய்ந்தது. நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும், தீங்கு விளையாதபடி எச்சரிக்கையோடு வேளாண்மையிலும் கால்நடை வளர்ப்பிலும் அதைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தது. மனித இனத்தை மேம்படுத்துவதாகக் கூறிக்கொண்டு மனிதனின் இயல்போடு விளையாடுவதைத் தடுத்தது. இவ்வழியில் உணவும் மருந்தும் தயாரிக்கும் நிறுவனங்கள் தம் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும் கோரியது.

அத்தீர்மானம் வகுத்த எல்லைகள் வெறும் சம்பிரதாயம் அல்ல. 2018இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் மனிதக் கருவிலேயே மரபணுவைத் திருத்தி, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். அத்திருத்தம் அக்குழந்தைகளோடு நிற்காது. அவர்கள் பெறும் சந்ததிக்கும் செல்லக்கூடியது. அச்சந்ததி எவரும் சம்மதம் தரவில்லை, தரவும் இயலாது. உலக விஞ்ஞானிகளே அதைக் கண்டித்தார்கள். 2019இல் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நோயாளி ஒருவரின் இரத்த அணுவைத் திருத்திக் குணப்படுத்துவது வேறு. பிறக்காத தலைமுறைகளின் மீது சோதனை நடத்துவது வேறு. இரண்டையும் ஒரே 'ஹராம்' பையில் போட்டுக் கட்டுபவர், உண்மையிலேயே தடுக்க வேண்டியதைத் தடுக்கும் வலிமையை இழந்துவிடுகிறார்.

ஒரே மரபணு, இருவேறு விதைகள்

'அப்படியானால் நீங்கள் விதைக் கம்பெனிகளின் வக்கீலா?' என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. அந்தக் கம்பெனிகளைக் கேள்வி கேட்பதற்குத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன்.

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பயிருக்குள் செலுத்தினால், அப்பயிர் புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இதுவே பி.டி. தொழில்நுட்பம். 2002இல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் நாட்டின் பருத்தி நிலங்களில் பெரும்பகுதி அதன் வசமாயிற்று. இங்கே விற்கப்பட்டவை கலப்பின விதைகள். அறுவடையில் ஒரு பங்கை எடுத்துவைத்து மறு ஆண்டு விதைத்தால் அதே விளைச்சல் வராது. எனவே உழவர் ஆண்டுதோறும் கடைக்குப் போயாக வேண்டும். 450 கிராம் விதைப் பொட்டலம் தொடக்கத்தில் 1,600 ரூபாய்க்கும் மேல் விற்றது. அதில் பெரும்பங்கு அந்த மரபணுவுக்கான உரிமத்தொகை. 2006இல் ஆந்திர அரசு ஏகபோக வணிகத்துக்கு எதிரான ஆணையத்தை நாடிப் போராடிய பிறகே விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சையே தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டது. உழவர் மீண்டும் மருந்து தெளிப்பானைத் தோளில் மாட்டினார்.

இனி வங்காளதேசத்தைப் பாருங்கள். கத்தரியைக் குருத்து மற்றும் காய்த்துளைப்பான் புழுவிலிருந்து காக்க, ஒரே பருவத்தில் பல பத்து முறை பூச்சிமருந்து அடிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அந்த நஞ்சை முதலில் சுவாசிப்பவர் தெளிக்கும் உழவர்; அடுத்து உண்பவர் நாம். பருத்தியில் இருந்த அதே வகைப் பி.டி. மரபணு கத்தரியிலும் செலுத்தப்பட்டது. ஆனால் அங்கே அதை வளர்த்து வெளியிட்டது அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். 2013 அக்டோபரில் நான்கு இரகங்களுக்கு அனுமதி தரப்பட்டது. 2014 ஜனவரியில் முதல் 20 உழவர்கள் நாற்றுப் பெற்றனர். அவை கலப்பினங்கள் அல்ல. உழவர் தம் தோட்டத்திலேயே விதை எடுத்துவைத்துக்கொள்ளலாம். அங்கு நடந்த ஆய்வுகள் பூச்சிமருந்துப் பயன்பாடு வெகுவாகக் குறைந்ததைக் காட்டின.

நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதே மரபணு கொண்டு, விதை எடுக்கத்தக்க கத்தரி இரகங்களை உருவாக்கும் பணியில் பங்கேற்றிருந்தது. 2009இல் இந்திய வல்லுநர் குழு பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் தந்தது. மாநிலங்களின் எதிர்ப்பையும் போதிய சோதனைகள் இல்லை என்ற குறையையும் கருதி, 2010 பிப்ரவரியில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். அந்த நிறுத்தம் சரியா தவறா என்பதில் நேர்மையான இரு கருத்துகள் உண்டு. நான் சுட்ட விரும்புவது வேறு. ஒரே மரபணு, ஓரிடத்தில் உழவரை ஆண்டுதோறும் கடைக்கு இழுத்தது, மற்றோரிடத்தில் அவர் கையிலேயே விதையாகத் தங்கியது. வேறுபாடு மரபணுவில் இல்லை. விதை யாருடைய உடைமை என்பதில் இருக்கிறது.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நம் மார்க்கத்தின் போதனை. உணவுப் பொருளைப் பதுக்கி விலையேற்றுவதை வன்மையாகக் கண்டித்தது நம் மார்க்கம். விதையை ஏகபோகமாக்குவது பற்றி நம் மிம்பர்கள் என்றாவது பேசியதுண்டா? பேசவில்லை. 'படைப்பை மாற்றுகிறார்கள்' என்று பொதுவாக முழங்குவது எளிது. விதையின் விலைப்பட்டியலையும் உரிம ஒப்பந்தத்தையும் படித்து, இதில் அநீதி இங்கே இருக்கிறது என்று விரல்வைத்துக் காட்டுவது கடினம்.

உண்பவரின் உரிமையும் அப்படித்தான். அனுமதிக்கப்பட்ட மரபணு மாற்றப் பயிர்கள் வழக்கமான பயிர்களைவிட உடல்நலத்துக்கு அதிக ஆபத்தானவை என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட விரிவான அறிக்கை கூறியது. இதை நான் ஏற்கிறேன். ஆயினும் 'ஆபத்தில்லை' என்பது 'சொல்லத் தேவையில்லை' என்றாகிவிடாது. ஒரு பொருளில் எந்த உயிரின் மரபணு சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்து உண்பது நம் உரிமை. 1998இன் மக்கா தீர்மானம் கேட்டதும் அதுவே. பி.டி. பருத்தியின் கொட்டையிலிருந்து பிழிந்த எண்ணெய் நம் நாட்டு உணவில் பல ஆண்டுகளாகக் கலந்திருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹலால் முத்திரையைத் தேடித் தேடிப் பார்க்கும் நாம், பொருளின் பிறப்பைச் சொல்லும் முத்திரைக்காக ஒரு மனுவும் எழுதியதில்லை.

மருந்து வந்துவிட்டது, யாருக்கு?

இதே கேள்வி மருத்துவத்தில் இன்னும் கூர்மையாக எழுகிறது. கதிரரிவாள் இரத்தச்சோகை, தலசீமியா ஆகிய இரண்டும் ஹீமோகுளோபின் மரபணுவின் பிழையால் வரும் நோய்கள். கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவியால் நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களையே சீர்செய்யும் காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதன்முதலில் அனுமதியளித்தது. அடுத்து அனுமதியளித்தது எந்த நாடு தெரியுமா? பஹ்ரைன். அமெரிக்கா அதற்குப் பிறகுதான். 2024 ஜனவரியில் சவூதி அரேபியாவும் சேர்ந்துகொண்டது. இந்நோய்களால் வாடும் மக்களைக் கொண்ட முஸ்லிம் நாடுகள் இதைச் சைத்தானின் வேலையாகக் கருதவில்லை.

இச்சிகிச்சைக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். கதிரரிவாள் நோயாளிகளில் மிகப்பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளிலும் வாழும் ஏழைகள். நோய் ஓரிடத்தில், மருந்து வேறிடத்தில்.

ஆய்வுக்கு ஆன செலவை ஈடுகட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் எவ்வளவு, யாரிடமிருந்து என்பது அறம் சார்ந்த கேள்வி. இன்சுலினைக் கண்டறிந்தவர்கள் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் அச்செயலில் நாம் போற்றும் ஸதகத்துல் ஜாரியாவின் சாயலை நான் காண்கிறேன்.

நம் அருகிலும் ஒரு சான்று உண்டு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி ஒரு காலத்தில் இறக்குமதிச் சரக்கு. நடுத்தரக் குடும்பங்களுக்கே எட்டாத விலை. ஹைதராபாத்தின் வரபிரசாத் ரெட்டி அதை இங்கேயே மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்ய முனைந்தபோது, இந்திய வங்கிகள் கைவிரித்தன. அவருடைய சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்துக்கு முதலீடு தந்து துணைநின்றவர் ஓமன் நாட்டின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் யூசுஃப் பின் அலவி. 1997இல் அத்தடுப்பூசி சந்தைக்கு வந்தது. இறக்குமதி விலையின் மிகச் சிறு பங்கே அதன் விலை. ஒரு இந்துவின் உழைப்பும் ஒரு முஸ்லிமின் பொருளும் சேர்ந்து, எல்லாச் சமயத்துக் குழந்தைகளின் ஈரலையும் காத்தன. வளைகுடாவில் பொருளீட்டும் நம் செல்வந்தர்கள் பள்ளிவாசல் மினாராவை உயர்த்துவதற்குச் செலவிடுவதில் ஒரு பங்கை இத்தகைய முயற்சிக்குத் திருப்பினால் மறுமையில் அது குறைந்துவிடுமா?

நம் வீட்டுத் திண்ணையில் உள்ள கேள்வி

கம்பெனியையும் அரசையும் கேட்டாயிற்று. இனி நம்மையே கேட்போம். ஏனெனில் மரபணு அறிவியலில் ஒரு பகுதிக்குக் கோடிகள் தேவையில்லை, மனம் மட்டுமே தேவை.

தலசீமியாவைச் சுமப்பவர் நோயாளி அல்லர், நலமாகவே வாழ்வார். சுமப்பவர் இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு கடும் தலசீமியா வரும் வாய்ப்பு உண்டு. அக்குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் தேங்கும் இரும்புச்சத்தை அகற்ற வாழ்நாளெல்லாம் மருந்து வேண்டும். நெருங்கிய உறவில் மணமுடிப்பவர்களிடம் ஒரே பழுதுள்ள மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுதல். தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இதில் சமய வேறுபாடில்லை. மாமி மகளையும் சாச்சா மகனையும் மணப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அனுமதித்ததை நான் தடுக்க வரவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள் என்கிறேன்.

சவூதி அரேபியா 2004ஆம் ஆண்டிலிருந்து திருமணத்துக்கு முன் தலசீமியா, கதிரரிவாள் நோய்களுக்கான பரிசோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது. முடிவு எதுவாயினும் மணமுடிக்கும் உரிமை இருவருக்கும் உண்டு. தெரியாமல் மணமுடிப்பது மட்டுமே அங்கே இல்லை. தொடக்கத்தில் ஆபத்துள்ள இணைகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே சம்பந்தத்தை மாற்றிக்கொண்டனர். ஐந்தாண்டுகளில் அது பாதியைத் தாண்டியது. ஈரான் 1997இலேயே இதைத் தேசியத் திட்டமாக்கியது.

'எல்லாம் தக்தீர், எழுதியது நடக்கும்' என்று சிலர் கூறுவர். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பியபோதும் இதே கேள்வி எழுந்தது. அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் அவர்கள் பதிலளித்தார்கள். இரத்தப் பரிசோதனையும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இன்னொரு அச்சம் நியாயமானது. பரிசோதனை முடிவு ஊரில் பரவினால், சுமையைத் தாங்குவது பெண்ணாகத்தான் இருக்கும். அவளுக்கு முத்திரை குத்தப்படும், சம்பந்தம் தட்டிப்போகும். ஆகவே நிபந்தனைகள் வேண்டும். முதலில் மாப்பிள்ளைக்குப் பரிசோதனை. அவர் சுமப்பவர் அல்லர் என்றால் பெண்ணைப் பரிசோதிக்கும் தேவையே பெரும்பாலும் எழாது. முடிவு மருத்துவரிடமிருந்து உரியவர் கையில் மட்டும் சேர வேண்டும். ஜமாஅத் அலுவலகத்துக்குப் போகக் கூடாது. பரிசோதனை செய்துகொண்டோம் என்ற ஒற்றை வரிச் சான்று மட்டும் நிக்காஹ் தஃப்தரோடு இருந்தால் போதும். மண்டப வாடகையோடும் பிரியாணிச் செலவோடும் ஒப்பிட்டால் இச்சோதனைக்கு ஆகும் தொகை ஒன்றுமேயில்லை. நான்கு ஊர் ஜமாஅத்துகள் கூடி முடிவெடுத்தால் அடுத்த ஷவ்வாலுக்குள் இதைத் தொடங்கிவிடலாம்.

அறிவியலை விற்பவர்கள் அது அனைத்தையும் தீர்த்துவிடும் என்கிறார்கள். அதைச் சபிப்பவர்கள் அது அனைத்தையும் அழித்துவிடும் என்கிறார்கள். இரு சாராரும் நம்மை வேடிக்கை பார்ப்பவர்களாக நிறுத்திவைக்கிறார்கள். விதை யார் கையில், மருந்து யார் வீட்டில், உண்மை யார் காதில் என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

ஹஜ்ரத் அவர்களே, இதை நீங்கள் படிக்க நேர்ந்தால் தவறாக எண்ண வேண்டாம். அடுத்த பயானில் இவற்றையே கேளுங்கள். உங்கள் குரலுக்குச் செவிசாய்க்க ஊரே இருக்கிறது. முன் வரிசையில் அந்த முதியவரும் இருப்பார், இன்ஷா அல்லாஹ். இன்சுலின் அவரை நலமாக வைத்திருக்கும் வரை.

நன்மையையும் தீமையையும் பிரித்தறியும் அறிவையும், அறிந்ததைத் துணிந்து சொல்லும் நாவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.